பூ கேட்டு மாற்றிய ஸ்பிரிங்

பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். காலை ஷிப்டுக்கு மில்லுக்குப் போகிற என் வீட்டுக்காரருக்குத் தக்காளி சாதம் கட்டிக் கொடுத்தேன். அவர் கிளம்பிய பிறகு குளித்து, சாப்பிட்டு, ஸ்கூட்டரில் கருமத்தம்பட்டி வந்து கடையின் ஷட்டரைத் தூக்கினேன்.

செருப்பை வெளியே விட்டேன். எங்கள் கடையில் பம்பை ஓட்டிச் சோதிக்கிற மெஷின், அதாவது பெஞ்ச், இருக்கிற அறைக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது. சுற்றிலும் துணி நெய்கிற தறிக்குடோன்கள். அங்கே பறக்கிற பஞ்சு ஆளோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். கண்ணாடிக் குழாய்களை நூல் விடாத துணியால் துடைத்தேன். பெஞ்சைச் சும்மா ஓட்டி எண்ணெயைச் சூடேற விட்டேன். இவ்வளவும் முடியாமல் எந்தப் பம்பையும் தொடமாட்டேன்.

இந்தத் தொடரை இடையில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுடையது டீசல் பம்ப் கடை. எஞ்சினுக்கு வேண்டிய டீசலைத் துளித்துளியாக அளந்து கொடுக்கிற பம்பைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். நாங்கள் அதைப் பெஞ்சில் ஏற்றி ஓட்டி, ஒவ்வொரு குழாயிலும் எவ்வளவு விழுகிறது என்று பார்த்துச் சரிசெய்து, மூடி, கம்பி கோத்து ஈய முத்திரை வைத்துத் திருப்பித் தருவோம்.

எண்ணெய் சூடேறுவதற்குள் போன் அடித்தது. தம்பி மயில்சாமி.

"அக்கா, ஒருக்கா ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க. பூசை போடறமுங்க."

"என்ன பூசைடா, செவ்வாக்கெழம காலங்காத்தால?"

"வண்டிக்குத்தானுங்க்கா. வாங்க, வந்தா தெரியும்."

போகாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சை நிறுத்தினேன். கடையில் என்னோடு வேலை செய்கிற ஆறுமுகத்திடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடியும் செருப்பை மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலம்

இரண்டு நாளைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மயில்சாமி எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் கூரியரில் வந்த ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம். அதை மேசைமேல் வைத்த விதத்தைப் பார்த்தால் உள்ளே நகை இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருந்தவை ஸ்பிரிங்குகள். பச்சைப் பெயின்ட் அடித்த, தடித்த கம்பி ஸ்பிரிங்குகள்.

"கவர்னர் ஸ்பிரிங்குங்க்கா. இதப் போட்டா வண்டி எச்சா சுத்துமாமா."

"யாரு சொன்னது?"

"வீடியோல காட்றாங்க. வடக்கால டிராக்டர் இழுக்கற போட்டிக்கு இதத்தான் போடறாங்களாமா."

"நீ எந்தப் போட்டிக்குப் போற?"

அவன் போவது போட்டிக்கு அல்ல, பிழைப்புக்கு. அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவனை வெறும் கோமாளி என்று நினைத்துவிடுவீர்கள். தறிக்குடோனில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, தன் டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டுகிற, தட்டு, அதாவது சோளத்தண்டு, வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கியிருந்தான். மக்காச்சோளத் தட்டைப் பச்சையாகவே பொடிப்பொடியாக வெட்டி, குழியில் அமுக்கி மூடி வைத்தால் மாடுகளுக்கு மாதக்கணக்கில் தீவனம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மாட்டுப் பண்ணையில் அந்த வேலைக்கு ஆள் தேடினார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்து ஒரு குழியை நிரப்பிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். சரியாகச் செய்தால் வருஷம் முழுக்க அந்த வேலை அவனுக்கு. வண்டி வராவிட்டாலோ, வந்து திணறினாலோ, வெளியூர்க்காரர் ஒருவர் பெரிய மெஷினோடு காத்திருந்தார்.

சோதித்துப் பார்த்ததில் அவனுடைய மெஷின் தட்டை வெட்டியது. ஆனால் வெட்டியதை வீசவில்லை. மேலே வளைந்த குழாய் வழியாகப் பறந்து டிரெய்லரில் விழவேண்டியது, பாதி தரையில் கொட்டியது.

"எஞ்சினு சுத்து பத்தலீங்க்கா. அதான் எறிய மாட்டீங்குது."

"சுத்து பத்தலீன்னா பம்பக் கழட்டிக் கொண்டா. பெஞ்சுல ஏத்திப் பாத்துச் சொல்றேன்."

"கழட்டுனா ஒரு நாளு போயிருமுங்க."

"போனா போகட்டும்."

"நீங்க வண்டியிலயே மூடியத் தெறந்து இத மட்டும் மாட்டிக் குடுத்துப்போடுங்க. அர மணி நேர வேல."

அரை மணி நேர வேலை! இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

நான் முடியாது என்றேன். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா சமையலு அக்கா சமையலுதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். கோபித்துக்கொள்ளாமல் போகிறானே என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

கிரைண்டர்

என் தம்பிக்கு எதுவும் இருக்கிற வேகத்தில் இருந்தால் ஆகாது.

கோயமுத்தூர்ப் பக்கத்து வீடுகளில் மாவாட்டும் கிரைண்டருக்கு இருக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியும். எங்கள் அம்மா வைத்திருந்த கிரைண்டர் நிதானமாக, யாரையும் அவசரப்படுத்தாமல் ஓடும். மயில்சாமி தறிக்குடோனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அங்கே கிடந்த பழைய புல்லி ஒன்றைக் கொண்டுவந்து அதன் மோட்டாரில் மாட்டிவிட்டான். இனிமேல் பாதி நேரத்தில் மாவு ஆடிவிடும் என்றான். ஆடியது. சுவர் முழுக்கத் தெறித்து ஆடியது. சட்டியில் மிச்சமிருந்த மாவு சூடேறிச் சாயங்காலமே புளித்துப்போனது. அடுத்த நாள் அம்மா சுட்ட தோசையை நாய்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.

"மாவு அரைக்கற கல்லு சுத்தறதுக்கு ஒரு அளவு வெச்சுத்தானேடா செஞ்சிருப்பாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"அவங்க பயந்துட்டுக் கம்மியா வெச்சிருப்பாங்கம்மா" என்றான்.

இதுதான் அவனுடைய சித்தாந்தம். உலகத்தில் பொருள் செய்கிறவர்கள் எல்லாரும் பயந்துகொண்டு கம்மியாக வைத்திருக்கிறார்கள். மயில்சாமிதான் அதைக் கண்டுபிடித்துக் கூட்ட வேண்டும்.

மாற்றவே கூடாது என்பவள் இல்லை

கவர்னர் என்பது பம்பின் பின்பக்கம் இருக்கிற ஒரு பெட்டி. உள்ளே இரண்டு குண்டுகள் சுற்றும். வேகம் கூடக் கூடக் குண்டுகள் வெளிப்பக்கம் விரியும். விரிந்தால், டீசலைக் கூட்டிக் குறைக்கிற கம்பியை அவை பின்னால் தள்ளும். டீசல் குறையும், வேகம் அடங்கும். குண்டுகளைச் சுலபத்தில் விரிய விடாமல் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்திருப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங் முரடாக இருந்தால் குண்டு விரியத் தாமதமாகும்; அதுவரை எஞ்சின் ஏறிக்கொண்டே போகும். விஷயம் இவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ரிக் வண்டிக்காரர் வந்தார். போர்வெல் போடுகிற லாரியில் கம்ப்ரஷரை ஓட்டும் எஞ்சின். ஆழம் போனால் காற்று பத்தவில்லை, கொஞ்சம் சுற்று ஏற்ற வேண்டும் என்றார். பம்பைத் தனியே கழற்றி, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "என்னென்ன மாத்தோணும்னு மொதல்ல சொல்லுங்க. அதுக்கப்புறம் செய்யலாமுங்க" என்றார். அவரைக் கும்பிடலாம் போல இருந்தது.

எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்குகளையும் முரடானதாக மாற்றச் சொன்னேன். கவர்னர் மட்டும் மாறி வால்வு ஸ்பிரிங் பழையதாகவே இருந்தால், அந்த வேகத்துக்கு வால்வு மூடி முடிப்பதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடும். உள்ளே சுற்றுகிற பாகங்கள் எவ்வளவு தாங்கும் என்று எஞ்சின் செய்தவர்களின் புத்தகத்தில் பார்த்தோம். அந்த எல்லைக்கு நன்றாகக் கீழேயே நிறுத்தினோம். புது வேகத்தில் டீசல் அளவைத் திரும்ப வைத்தோம். முரட்டு ஸ்பிரிங் போட்டால் சும்மா நிற்கும்போது எஞ்சின் ஏறி இறங்கி ஊசலாடும்; அதையும் உட்கார்ந்து சரிசெய்தோம். அந்த வண்டி இன்றைக்கும் எங்கேயோ பாறையில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

அதனால் ஸ்பிரிங்கையே தொடக்கூடாது என்பவள் இல்லை நான். ஸ்பிரிங்கை மட்டும் தொடுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வலது பக்கம்

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். கடையிலிருந்து தம்பியின் தோட்டத்து வீட்டுக்கு ஸ்கூட்டரில் சீக்கிரமே போய்விடலாம். போய்ச் சேர்ந்தபோது டிராக்டர் வாசலில் நின்றது. பானெட்டில் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். தம்பி மனைவி கோகிலா, வட்டல் என்று நாங்கள் சொல்கிற எவர்சில்வர் தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு நின்றிருந்தாள்.

"வாங்க நங்கையா" என்றாள்; எங்கள் பக்கம் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முகத்தில் தெளிவில்லை.

நான் நேராகப் பம்பைப் பார்த்தேன். போன வருஷம் நான் வைத்த முத்திரைக் கம்பி அறுந்து தொங்கியது. கவர்னர் மூடியின் ஓரத்தில் புதுப் பசை பிதுங்கியிருந்தது.

"மாட்டிப்போட்டயா?"

"மாட்டிப்போட்டனுங்க."

"நான் முடியாதுன்னுதானடா சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க. அப்புறமேலுக்குப் பூக் கேட்டனுங்க்கா. வலதுதானுங்க."

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்கு மட்டும்: பெண் பார்ப்பது, கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது என்று எதுவானாலும் கோயிலில் போய்ப் பூ கேட்பது எங்கள் வழக்கம். அம்மன் சிலையின் இரண்டு பக்கமும் பூ வைப்பார்கள். மனதில் காரியத்தை நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வலது பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் வேண்டாம். விழுந்ததற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். என் கல்யாணமும் வலது பக்கத்துப் பூதான்.

எனக்கும் அந்த அம்மன்மேல் பக்தி உண்டு. ஆனால் இருபது வருஷ அனுபவத்தோடு நான் சொன்னது இடதுபக்கப் பூவுக்குக்கூடச் சமமில்லை என்று நினைத்தபோது காது சூடாகியது.

"அம்மங்கிட்ட என்னன்னு கேட்ட?"

"ஸ்பிரிங்க மாத்துலாமான்னு கேட்டனுங்க."

"யாரு மாத்தறதுன்னு கேட்டயா?"

"அது எதுக்குங்க? நாந்தான நின்னுட்டிருந்தேன்?"

கோகிலா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை.

"மயிலு, சாவியக் குடு. மூடியத் தெறந்து ஒருக்காப் பாத்துப்போடறேன். அப்புறம் நீ என்ன வேண்ணா பண்ணு."

"நல்ல நேரம் முடியப் போவுதுங்க்கா" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

படி இல்லாத சத்தம்

எஞ்சின் பிடித்ததும் ஒரு உறுமல் உறுமும். பிறகு அடங்கி ஒரு படியில் வந்து நிற்கும். எந்த எஞ்சினுக்கும் அந்தப் படி உண்டு. என் காது அதற்காகத்தான் காத்திருந்தது.

படி வரவில்லை. உறுமல் ஏறியது. மேலும் ஏறியது. முன்சக்கரத்து எலுமிச்சம்பழம் தானாக உருண்டு வெளியே வந்தது. பானெட் அதிர்ந்து மாலை அறுந்து விழுந்தது. கறுப்புப் புகை புகைக்குழாயிலிருந்து தென்னை உயரத்துக்கு எழும்பியது.

மயில்சாமி ஆக்சிலேட்டர் நெம்புகோலைக் கீழே தள்ளினான். பயனில்லை. நிறுத்துகிற குமிழைப் பிடித்து இழுத்தான். அது முழுக்க வெளியே வந்தது, எஞ்சின் அதைக் கண்டுகொள்ளவில்லை. மறுபடி இழுத்தான். அப்புறம் அவன் கீழே குதித்தான். இறங்கவில்லை, குதித்தான்.

"அக்கா! நிக்க மாட்டீங்குதுங்க்கா!"

அந்த நேரத்திலும் 'ங்க' போட மறக்கவில்லை. எங்கள் ஊர்க்காரன்.

டீசல் குழாயை மூடலாம். ஆனால் ஃபில்டரில் நிற்கிற டீசலே அந்த எஞ்சினைச் சிதற அடிக்கப் போதும். காற்றைத்தான் அடைக்க வேண்டும். பானெட்டுக்கு மேலே காற்று இழுக்கிற குழாய் நிற்கும். அதன் தலையில் ஒரு கிண்ண மூடி. நான் பக்கவாட்டில் ஏறி அந்தக் கிண்ணத்தைத் திருகிப் பிடுங்கி எறிந்தேன். கையை வைத்து அடைத்தால் கையை இழுத்துக்கொள்ளும். துணியை வைத்தால் உள்ளே போய்விடும்.

"கோகிலா! வட்டலக் குடு!"

அவள் ஒரு கணம் பொங்கலைப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டு வட்டலை நீட்டினாள். குழாயின் வாயில் அதைக் குப்புற வைத்தேன். வைத்ததுதான் தெரியும், என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. எவர்சில்வர் வட்டல் நடுவில் குழிந்து உள்வாங்கியது. எஞ்சின் முக்கியது, இருமியது, வண்டி முழுக்க ஒரு உலுக்கு உலுக்கியது. நின்றது.

கோழிகள் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தன. நான் அங்கேயே சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பேசியது என் தம்பிதான்.

"புது ஸ்பிரிங்குங்க்கா. கொஞ்சம் பழகோணும் போல."

இறங்கி வந்தேன். மூடியைத் திறந்தேன். டீசலைக் கூட்டிக் குறைக்கிற கம்பியையும் கவர்னரையும் சேர்த்துப் பிடிக்க ஒரு சின்ன இணைப்பு உண்டு. விரல் நகத்தளவு கொக்கி. அது மாட்டாமல் அந்தரத்தில் தொங்கியது. ஸ்டார்ட் ஆகும்போது டீசல் நிறைய வேண்டும் என்பதற்காக, இன்னொரு சின்ன ஸ்பிரிங் அந்தக் கம்பியை எப்போதும் முழு அளவுப் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும். கொக்கி இல்லாவிட்டால் கம்பியைத் திரும்ப இழுக்க ஆளே கிடையாது. கவர்னர் ஒரு பக்கம் சுற்றும், எஞ்சின் ஒரு பக்கம் பறக்கும். நிறுத்துகிற குமிழும் அந்தக் கொக்கி வழியாகத்தான் வேலை செய்ய வேண்டும்.

"இதென்ன?"

"அது எடஞ்சலா இருந்துச்சுங்க்கா. எடுத்து உட்டுட்டுத்தான் ஸ்பிரிங்க மாட்டுனேன்."

"திரும்ப மாட்டுனயா?"

"மாட்டியிருப்பனுங்க."

"மாட்டலடா! கண்ணு முன்னால தொங்குது!"

"நல்ல நேரம் முடியறதுக்குள்ள மூடோணும்னு..."

"அம்மன் ஸ்பிரிங்க மாத்தச் சொல்லுச்சு. கொக்கிய உட்டுப்போட்டு மூடவும் சொல்லுச்சா?"

அவன் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான்.

"அத நாங் கேக்கலீங்க்கா."

பெஞ்ச் சொன்னது

கத்துவதற்கு நேரமில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குக் காங்கேயம். கோகிலா கீழே கொட்டிய பொங்கலை அள்ளியபடியே, தலை நிமிராமல் கேட்டாள்: "நங்கையா, நாளைக்கு வண்டி போகுமுங்களா?" அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஆறுமுகத்தை வரச் சொன்னேன். அவர் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். வால்வுகளைத் தள்ளுகிற நீளக் கம்பிகளில் இரண்டு வளைந்திருந்தன. வேறு சேதமில்லை. எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு சிலிண்டராகக் காற்று அழுத்தம் பார்த்து, "பொழச்சுதுங்க" என்றார். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து எல்லாம் போயிருக்கும்.

கம்பி வாங்கிவர ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரரைக் கோயமுத்தூருக்கு அனுப்பினேன். மச்சானைப் பற்றி அவர் எப்போதும் கருத்துச் சொல்வதில்லை. அன்றைக்கு மட்டும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அம்மணி, உன்ற தம்பி அடுத்து எத வேகமாக்கப் போறாப்பலன்னு கேட்டுச் சொல்லு. அந்தச் சாமானத்தையும் சேத்து வாங்கிட்டு வந்தர்றேன்."

பம்பைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். மயில்சாமி செருப்பை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் அறையின் மூலையில் நின்றான். பச்சை ஸ்பிரிங்கை எடுத்தேன். பழைய ஸ்பிரிங் எங்கே என்றேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். சிலதை அவன் பத்திரமாக வைப்பான், அதையும் சொல்ல வேண்டும்.

பழையதையும் கொக்கியையும் மாட்டிப் பெஞ்சை ஓட்டினேன். கண்ணாடிக் குழாயில் டீசல் சீராக விழுந்தது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். எஞ்சின் இரண்டாயிரத்து இருநூறு சுற்று வரை போக வேண்டிய பம்ப் அது. அந்த அளவு வருவதற்கு நன்றாக முன்னாலேயே டீசல் குறைய ஆரம்பித்தது. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். அதே இடத்தில் குறைந்தது.

ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதியதொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இழுபட்டு இழுபட்டு நீண்டு, தளர்ந்து போயிருந்தது.

அதாவது அவன் வண்டிக்கு நிஜமாகவே சுற்று பத்தவில்லை. அதனால்தான் மெஷின் வீசவில்லை. ஸ்பிரிங்கை மாற்றத்தான் வேண்டும். போட்டிக்காரர்களின் பச்சை ஸ்பிரிங்கை அல்ல. அந்தப் பம்புக்கென்று உள்ள, அதே நம்பர் போட்ட சாதாரண ஸ்பிரிங்கை. அது என் அலமாரியில் மூன்றாவது தட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பம்பைக் கொண்டுவந்திருந்தால் திங்கட்கிழமை மத்தியானம் வண்டி ரெடி.

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. பெஞ்சில் கண்டதை மறைத்துப் பழக்கமில்லை. சொன்னேன்.

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"அப்ப பூச் சொன்னது செரிதானுங்க்கா!"

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். பத்திரமாக, மெதுவாக வைத்தேன். கையில் இருந்தால் எறிந்திருப்பேன்.

ஆறுமுகம் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே தண்ணீர் குடிக்கப் போனார்.

புது ஸ்பிரிங்கைப் போட்டேன். கொக்கியைத் திரும்ப மாட்டினேன், இழுத்துப் பார்த்தேன். எந்த வேகத்தில் டீசல் குறைய வேண்டுமோ அந்த வேகத்தில் குறைந்தது. சும்மா நிற்கும் வேகம், ஸ்டார்ட் ஆகும்போது விழும் அளவு, நிறுத்தும் நெம்புகோல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்து, மூடி, முத்திரை வைத்தேன். பொழுது இறங்குகிற நேரத்தில் பம்ப் வண்டியில் ஏறியது. புதுக் கம்பிகளும் வந்து மாட்டியாகிவிட்டன. ஆறுமுகம் டீசல் குழாய்களில் காற்றை எடுத்தார்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தர்லாமுங்களா?" என்று கேட்டார்.

மயில்சாமி சட்டென்று, "வேண்டாமுங்க. காலைல பாத்துக்கலாமுங்க" என்றான். அவசரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாதவன் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றது எனக்குப் புதிதாக இருந்தது. நல்ல நேரம் ஏதாவது பார்க்கிறானாக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பண்ணை வேலை கிடைத்ததா என்று எழுதிக் கேட்கப் போகிற வாசகர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: கிடைத்தது. இன்றைக்கும் அந்தக் குழிகளை அவன்தான் நிரப்புகிறான். ஆனால் அந்த நாளை நினைத்தால் என் கண்முன் வருவது காங்கேயத்துக் குழி இல்லை.

புதன்கிழமை

மறுநாள் வாசல்கூடத் தெளிக்கவில்லை. எழுந்தவுடன் முதல் வேலையாகத் தம்பி வீட்டுக்குத்தான் போனேன்.

டிராக்டர் அதே இடத்தில் நின்றது. சந்தனம் இல்லை, மாலை இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை. மயில்சாமி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சீட்டில் உட்கார்ந்திருந்தான். சாவி போட்டிருந்தது. கை சாவியின்மேல் இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியவில்லை.

கோகிலா கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "விடியறதுக்கு முன்னாலயே ஏறி உக்காந்துட்டாருங்க நங்கையா. திருப்ப மாட்டீங்கறாரு."

கிட்டே போனேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா" என்றான். "கையி வர மாட்டீங்குதுங்க."

நேற்றிலிருந்து சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாம் எனக்கு வாய்வரை வந்திருந்தது. வெளியே வந்தது ஒரே வார்த்தை. "எறங்கு" என்றேன். இறங்கினான். இறங்கிக் கோகிலாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். நாற்பது வயது ஆள், மனைவியின் புடவை முந்தானையைப் பிடிக்காத குறை.

சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கியர் நடுவில் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தேன். சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் பிடித்தது. உறுமியது. அடங்கி, தன் படியில் வந்து நின்றது. கொஞ்சம் சூடேற விட்டேன். பிறகு நெம்புகோலை மெதுவாக முழுக்க மேலே தள்ளினேன். சத்தம் ஏறியது. ஏறி, ஏறி, ஓரிடத்தில் போய் நின்றது. அதற்கு மேல் ஒரு இழைகூடப் போகவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் காதில் அந்தச் சத்தம் நன்றாக ஏறட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். மயில்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். கதவோரத்தை விட்டு ஒரு அடி வந்தான். இன்னொரு அடி வந்தான். சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து, தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"அக்கா" என்று சத்தத்துக்கு மேலே கத்தினான். "இன்னுங் கொஞ்சூண்டு ஏத்த முடியாதுங்களா?"

நிறுத்துகிற குமிழை இழுத்தேன். எஞ்சின் நின்றது.